ஊரா, காலனியா? வேற்றுக் கோளுக்குப் போனாலும் அதே கேள்விதான்

'எந்த ஊரு தம்பி?' என்று கேட்பவருக்கு ஊர்ப் பெயர் மட்டும் போதாது. சொல்லி முடிக்கும் முன்பே அடுத்தது வரும்: 'ஊரா, காலனியா?' சத்திரம் பேருந்து நிலையத்தில் லால்குடிக்கும் மண்ணச்சநல்லூருக்கும் முசிறிக்கும் வண்டி பார்த்து நிற்கும் நம் பிள்ளைகள் இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லித்தான் கல்லூரி வரை வந்திருக்கிறார்கள். அந்தச் சொல் ஆதிக்கத்தின், தீண்டாமையின் அடையாளமாகவும் வசையாகவும் மாறிவிட்டது, அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் அதை நீக்குவோம் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தது 2025 ஏப்ரல் 29 அன்று. அறிவிப்பு நல்லதுதான். பேருந்து நடத்துநர் இன்னும் 'காலனி ஸ்டாப் எல்லாம் இறங்கு' என்றுதான் கத்துகிறார், அது வேறு கதை.

இதே சொல்லைத் தலையில் வைத்துக் கொண்டாடும் ஓர் உலகம் இருக்கிறது. கணினி விளையாட்டு உலகம். அங்கே காலனி கட்டுகிறவன் கதாநாயகன். விண்கலத்தில் வருவான், ஆளில்லாத கோளில் இறங்குவான், கொடி நடுவான், நகரம் எழுப்புவான். 'காலனிக்காரன்' என்று நம்மைத் திட்டுகிற அதே வாய், மாலையானால் 'காலனி பில்ட் பண்ணப் போறேன் மச்சி' என்று மடிக்கணினியைத் திறக்கிறது. ஒரே சொல் ஆங்கிலத்தில் அதிகாரமாகவும் தமிழில் அவமானமாகவும் இருப்பது எப்படி என்று சமூகவியல் வகுப்பில் யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. அந்த விளையாட்டை ஆடிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது.

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஞாயிறு மாலைகளில் கூடும் எங்கள் வாசிப்பு வட்டத்தில் சில வாரங்களாகப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஒரு விளையாட்டைப் படித்துக் கொண்டிருக்கிறோம். ஆமாம், படித்துக் கொண்டிருக்கிறோம். 'சிவிலைசேஷன்: பியாண்ட் எர்த்'. ஃபிராக்ஸிஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 2014 அக்டோபரில் வெளியிட்டது. அடுத்த ஆண்டு 'ரைசிங் டைட்' என்ற விரிவாக்கம் வந்தது. பத்து ஆண்டுப் பழைய விளையாட்டு என்பதால் பழைய கணினியிலும் ஓடுகிறது. எங்கள் பிள்ளைகளின் கைக்கு எட்டுவது அந்த வயதுடைய கணினிகள்தான்.

இதை எழுதப் போகிறோம் என்று சொன்னதும் இரண்டு பக்கமிருந்தும் அடி விழுந்தது. 'கேம்ல கூடவா சாதியைத் தேடுவீங்க?' என்றது ஒரு பக்கம். 'நிலமீட்புக்கு ஆள் சேர்க்க வேண்டிய நேரத்தில் பசங்களை கேம் ஆட விடுறீங்களா?' என்றது இன்னொரு பக்கம், அதுவும் நம் பக்கம். இரண்டு பேருக்கும் பதில் இருக்கிறது.

முதலில் தேடுகிறோம் என்பவர்களுக்கு. நாங்கள் எதையும் தேடவில்லை ஐயா. முதல் திரையிலேயே இருந்தது.

கதை இதுதான். 'பெருந்தவறு' என்று அழைக்கப்படும் ஏதோவொரு பேரழிவில் பூமி நாசமாகிப் போகிறது. என்ன தவறு, செய்தவர் யார், அனுபவித்தவர் யார் என்று விளையாட்டு வாய் திறப்பதில்லை. மிச்சமிருக்கும் வல்லரசுகள் ஆளுக்கொரு விண்கலத்தை அனுப்புகின்றன. அதில் ஒன்றை நீங்கள் நடத்துகிறீர்கள். புறப்படும் முன் உங்களோடு யார் வருவது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியலில் ஐந்து வகை மனிதர்கள்: விஞ்ஞானிகள், பொறியாளர்கள், கலைஞர்கள், பிரபுக்கள், அகதிகள். விஞ்ஞானியைக் கூட்டிப் போனால் அறிவியல் கூடும். பொறியாளரோடு உற்பத்தி கூடும். பிரபுக்களைக் கூட்டிப் போனால் ஆற்றல் கூடும், அந்த உலகத்தில் ஆற்றல்தான் காசு. கூடவே மக்களின் நலமும் கூடும். அகதிகளைக் கூட்டிப் போனால்? உணவு கூடும்.

கொஞ்சம் நின்று யோசியுங்கள். பிரபு வந்தால் பணம், அகதி வந்தால் சோறு. சோறு எங்கிருந்து வருகிறது என்று எழுதவில்லை, ஆனால் யாருடைய முதுகு வளைந்து வருகிறது என்று நமக்குத் தெரியும். இந்தத் தேர்வு முதல் சுற்றில் செய்வது, கடைசிச் சுற்று வரைக்கும் மாறாது. இருநூறு சுற்று கழித்து, பேரன் பேத்தி எடுத்த பிறகும், அந்த அகதியின் வாரிசு சோறு போடுகிறவனாகவே இருப்பான். விஞ்ஞானியாக மாட்டான். சாதி என்பது வெறும் வேலைப் பிரிவினைதானே என்ற வாதத்தை அம்பேத்கர் 1936-இல் 'சாதி ஒழிப்பு' உரையில் எப்படி உடைத்தார் என்று படித்தவர்களுக்கு இந்தத் திரையைப் பார்த்தவுடன் சிரிப்பு வரும். எங்களோடு உட்கார்ந்திருந்தவர்களில் ஒரு பெண்ணுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கொட்டப்பட்டு முகாமில் பிறந்து வளர்ந்தவர்.

அடுத்து தலைவர்கள். தெற்காசியாவுக்கென்று ஒரு நாடு கொடுத்திருக்கிறார்கள், 'கவிதன் புரொடெக்டரேட்'. தலைவி பெயர் கவிதா தாக்கூர். மதத் தலைமையின் வழியில் வந்தவர். இந்த நாட்டுக்கென்று கொடுத்திருக்கும் தனிச் சிறப்பு என்ன தெரியுமா? இதன் நகரங்கள் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றியுள்ள நிலத்தைத் தன் எல்லைக்குள் இழுத்துக்கொள்ளும். மதத் தலைமை, தாக்கூர் பட்டம், நில ஆக்கிரமிப்பு. அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு இதை வடிவமைத்தவர்களுக்கு உள்நோக்கம் இருந்திருக்கும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஓர் இந்தியப் பெயர் வேண்டியிருந்தது, கைக்கு வந்ததைப் போட்டிருப்பார்கள். கைக்கு வருகிற பெயர் ஏன் எப்போதும் அந்தப் பக்கத்துப் பெயராகவே இருக்கிறது என்பதுதான் கேள்வி. தாக்கூர் பட்டத்தை வடக்கில் வேறு சில சாதியினரும் வைத்துக்கொள்வதுண்டு, வங்காளத்தில் அது தாகூர் குடும்பத்தின் பெயர். ஆனால் உத்தரப்பிரதேசத்துக் கிராமத்தில் அது நிலவுடைமை ராஜபுத்திரரின் பெயர், 2020-இல் ஹத்ராஸ் செய்திகளில் நாம் திரும்பத் திரும்பப் படித்த பெயர்.

எங்கள் மாணவர்களில் ஒருவருக்குக்கூட முதலில் இது உறைக்கவில்லை. காரணம் இருக்கிறது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குப் பிறகு தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவது வெட்கமாகிவிட்டது. பட்டம் போனது நல்லது. பட்டத்தைப் பார்த்தால் அடையாளம் காணும் பழக்கமும் சேர்ந்து போய்விட்டது. வடக்கே வேலைக்குப் போகப்போகும் பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் கொஞ்சம் வேண்டும்.

சரி, விளையாட்டைத் திட்டுவதற்காக மட்டும் உட்காரவில்லை. நல்லதையும் சொல்லிவிட வேண்டும், நேர்மை அதுதான்.

இந்த வரிசையில் வந்த முந்தைய விளையாட்டுகளில் அறிவியல் ஒரு மரம் போல வளரும். மட்பாண்டத்தில் தொடங்கி, சக்கரம், இரும்பு, துப்பாக்கி மருந்து என்று ஒரே திசையில் போகும். எல்லாரும் அதே பாதையில் போகவேண்டும், யார் முன்னால், யார் பின்னால் என்பது மட்டும்தான் வித்தியாசம். 'பிற்படுத்தப்பட்ட', 'காட்டுமிராண்டி' என்ற சொற்களெல்லாம் இந்த ஒரே பாதைக் கற்பனையிலிருந்து பிறந்தவை. பியாண்ட் எர்த் அந்த மரத்தை வெட்டிப் போட்டுவிட்டு வலை ஒன்றைப் பின்னியது. நடுவிலிருந்து எந்தப் பக்கமும் போகலாம். ஒருவர் போன வழியில் இன்னொருவர் போகவே வேண்டாம். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்து, 'நீ பின்தங்கியிருக்கே' என்று தினமும் கேட்கிற பிள்ளைக்கு, முன்னும் பின்னும் இல்லாத ஒரு வரைபடத்தைக் கண்ணால் பார்ப்பது சின்ன விஷயமல்ல. ஆடுவதற்கும் இது நன்றாக இருக்கிறது. தொடக்கத்தில் எங்கே போவதென்று தலை சுற்றும், பழகிய பிறகு ஒவ்வொரு ஆட்டமும் வேறு மாதிரி விரியும்.

இரண்டாவது நல்லது, நிலம் திருப்பி அடிக்கிறது. அந்தக் கோளில் வேற்றுயிர்கள் இருக்கின்றன. நீங்கள் அவற்றின் கூடுகளை அழிக்காத வரை பெரும்பாலும் உங்களை விட்டுவிடும். கொல்லக் கொல்ல அவற்றின் கோபம் ஏறும். பச்சை நிறத்தில் 'மயாஸ்மா' என்றொரு நச்சுப்புகை நிலத்தில் படிந்திருக்கும். மனிதர் அதில் நின்றால் உடம்பு கெடும், வேற்றுயிர் நின்றால் தேறும். ஒரே காற்று ஒருவருக்கு நஞ்சாகவும் இன்னொருவருக்கு மருந்தாகவும் இருக்கிறது. ஆளில்லா நிலம் என்று எதுவும் இல்லை, நீ பார்க்க மறுத்தவர்கள் அங்கே இருந்தார்கள் என்பதை இதைவிட எளிமையாக ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு விளக்கிவிட முடியாது.

ஆனால் அந்த உயிர்கள் பேசுவதில்லை. அவற்றோடு ஒப்பந்தம் போட முடியாது. மற்ற வல்லரசுகளோடு பேச்சுவார்த்தை நடத்தத் தனித் திரை இருக்கிறது, அவற்றோடு நடத்த இல்லை. நகரத்தைச் சுற்றி 'அல்ட்ராசோனிக் வேலி' போட்டு அவற்றை அண்டவிடாமல் செய்யலாம், அவ்வளவுதான். வேலி என்றதும் எங்கள் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உத்தப்புரம் சுவரின் ஒரு பகுதி 2008 மே மாதத்தில் இடிக்கப்பட்டதை அவர்கள் புத்தகத்தில் படித்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். இதே திருச்சியில், மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில், செத்த தலித் கிறிஸ்தவர்களைச் செத்த மற்றவர்களிடமிருந்து பிரிக்க ஒரு சுவர் எழுப்பப்பட்டது. வேற்றுக் கோள் வேலியாவது உயிரோடு இருப்பவர்களுக்கு.

இப்போது மையத்துக்கு வருவோம். விளையாட்டு போகப் போக உங்கள் மக்கள் மூன்று கொள்கைகளில் ஒன்றை நோக்கிச் சாய்வார்கள். ஒன்று 'ஹார்மனி': அந்தக் கோளோடு இணங்கி, உடம்பையே மாற்றிக்கொண்டு வாழ்வது. இன்னொன்று 'சுப்ரிமசி': எந்திரத்தோடு கலந்து, எந்த நிலத்தையும் சாராமல் இருப்பது. மூன்றாவது 'பியூரிட்டி'. தூய்மை. மனிதன் மனிதனாகவே, பூமியில் இருந்தபடியே, கலப்பில்லாமல் இருக்க வேண்டும். கோள்தான் நமக்கு ஏற்றபடி மாற வேண்டும். நச்சுப்புகையை அகற்று, கூடுகளை அழி, பூமியிலிருந்து நம்மவர்களை வரவழைத்துக் குடியேற்று. அந்த வெற்றிக்குப் பெயரே 'வாக்களிக்கப்பட்ட நிலம்'.

'தூய்மை' என்ற சொல்லை ஓர் அமெரிக்க மாணவர் எப்படிப் படிப்பாரோ தெரியாது. நாம் படிப்பது வேறு. புதுக்கோட்டை மாவட்டம் இங்கிருந்து பக்கம்தான். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கிடந்தது. 2025 ஜனவரியில் சிபிசிஐடி தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவரைக் குற்றஞ்சாட்டியது. தூய்மை பேசுகிற சமூகம் அழுக்கை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது, கடைசியில் அழுக்குக்குப் பொறுப்பு யார் தலையில் விழுகிறது என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டாம். பியூரிட்டி என்ற கொள்கை நீக்கும் நச்சுப்புகை எங்கே போகிறது? விளையாட்டில் அது மறைந்துவிடும். ஒரு தொழிலாளி உருவம் போய் நாலு சுற்று நிற்கும், புகை காணாமல் போகும். நம் ஊரில் எதுவும் அப்படி மறைவதில்லை, ஒருவன் கையால் அள்ளிப் போக வேண்டியிருக்கிறது. 2013-இல் கையால் மலம் அள்ளும் தொழிலுக்குத் தடைச் சட்டம் வந்தது. சாக்கடையில் இறங்கிச் செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் தரச்சொல்லி உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது. 2023-இல் அதை 30 லட்சம் ஆக்கியது. தொகை ஏறியிருக்கிறது. சாவு நிற்கவில்லை.

ஆனாலும் இந்த விளையாட்டை ஒரு விஷயத்துக்காகப் பாராட்ட வேண்டும். தூய்மையை இயற்கையான ஒழுங்காகக் காட்டாமல், மூன்றில் ஒரு கொள்கையாக, வேண்டுமென்றே தேர்ந்தெடுக்கும் ஓர் அரசியலாகக் காட்டுகிறது. அதற்கு விலை இருக்கிறது, எதிரி இருக்கிறான், மாற்று இருக்கிறது. நம் ஊரில் தூய்மையைக் கொள்கை என்று ஒப்புக்கொள்ள வைக்கவே எத்தனை தலைமுறை! விரிவாக்கம் வந்தபோது இன்னொன்றும் செய்தார்கள்: இரண்டு கொள்கைகளைக் கலந்து வளர்க்கலாம் என்று விதியை மாற்றினார்கள். கலப்புக்கென்றே தனிப் படைகள், தனி அழகு. தூய்மையோடுகூட மற்றதைக் கலக்கலாம். கலந்தால்தான் வலிமை என்று ஓர் ஆட்டம் சொல்வதைப் பார்த்துவிட்டு, கலப்பு மணம் செய்துகொண்ட தோழர் ஒருவர் 'இந்த அப்டேட் நம்ம ஊருக்கு எப்ப வரும்?' என்று கேட்டார்.

இனி பெரிய குறை. இத்தனை நகரம் எழுப்புகிறார்களே, எழுப்புவது யார்? 'தொழிலாளி' என்றொரு சின்ன உருவம். சாலை போடும், பண்ணை அமைக்கும், சுரங்கம் தோண்டும். அதற்குக் கூலி கேட்கத் தெரியாது. தூங்காது. முடியாது என்று சொல்லாது. நகரத்துக்குள் எத்தனை மக்கள் என்று ஓர் எண் இருக்கும், அவர்கள் எல்லாரும் சேர்ந்து எவ்வளவு நலமாக இருக்கிறார்கள் என்று இன்னோர் எண். உள்ளே மேல் கீழ் கிடையாது. ஒரு சமூகத்துக்குள் மோதலே இல்லாதது போல, நாட்டுக்கு நாடு மட்டும்தான் சண்டை. தேசம் என்பது ஒரே உடம்பு என்று மேடையில் முழங்குகிறார்களே, அந்தப் பொய்யை விளையாட்டின் விதியாகவே ஆக்கிவிட்டார்கள்.

பதினைந்து ஆண்டுக்கு முன்னால் இதே நிறுவனம் இதைவிட நேர்மையான விளையாட்டு ஒன்றைச் செய்திருந்தது என்பதால்தான் எங்களுக்கு இத்தனை கோபம். 1999-இல் வந்த 'ஆல்பா சென்டாரி'. அதுவும் வேற்றுக் கோள் குடியேற்றம்தான், படம் மங்கல், சத்தம் கரகரப்பு. ஆனால் அதில் ஒவ்வொரு குடியிருப்புக்குள்ளும் மக்கள் பிரிந்திருப்பார்கள்: மேலே 'டேலன்ட்', நடுவில் 'வொர்க்கர்', கீழே 'ட்ரோன்'. ட்ரோன் என்றால் இன்று கல்யாண வீட்டில் பறந்து படம் எடுக்கும் கருவியல்ல; அடிமட்ட வேலையில் மாட்டிக்கொண்டு வெறுத்துப்போன மனிதன். ட்ரோன்களின் எண்ணிக்கை மேலே இருப்பவர்களைத் தாண்டினால் கலகம் வெடிக்கும், உற்பத்தி நிற்கும். அதை அடக்க ஆட்டக்காரருக்குப் பல வழிகள் கொடுத்திருப்பார்கள். கேளிக்கைக் கூடம் கட்டலாம். போலீசை நிறுத்தலாம். எதுவும் சரிப்படாவிட்டால் ஒரு பொத்தான் இருக்கும்: 'நெர்வ் ஸ்டேப்பிள்'. கலகம் செய்கிறவர்களின் நரம்பிலேயே கை வைத்து அடக்கிவிடுவது. அமுக்கினால் கொஞ்ச காலம் ஊர் அமைதி. மற்ற நாடுகள் அதைக் கொடுமை என்று கண்டித்து வணிகத் தடை போடும். பிறகு எல்லாரும் கூடி வாக்களித்து அந்தத் தடைச் சாசனத்தையே ரத்தும் செய்துகொள்ளலாம். அந்த ஆட்டத்தில் மனித உரிமை பேசும் அணியின் தலைவர் பிரவின் லால் என்ற இந்தியர். அவர் கையிலும் அதே பொத்தான் இருந்தது.

அந்தப் பொத்தானை அமுக்குகிறவரின் விரல் உங்களுடையது. அங்கேதான் விளையாட்டு இலக்கியத்தைத் தாண்டிப் போகிறது என்று நினைக்கிறோம். நாவலில் கொடுமையைப் படித்துக் கண்ணீர் விடலாம். இங்கே உற்பத்தி நிற்கிறது, பக்கத்து நாடு முன்னேறிவிடும் என்ற பதற்றத்தில் நீங்களே அமுக்குகிறீர்கள். எங்கள் வட்டத்தில் அமுக்கியவர்கள் உண்டு. எல்லாரும் நம் பிள்ளைகள்தான். மேலே உட்கார்ந்தால் யாருக்கும் அந்த வசதி தெரிந்துவிடுகிறது. அதே ஆண்டில் வந்த அதன் விரிவாக்கத்தில் 'ஃப்ரீ ட்ரோன்ஸ்' என்று அந்த அடிமட்ட மக்களே கிளர்ந்து அமைத்த அணி ஒன்று வந்தது, தலைவர் ஃபோர்மேன் டொமாய். 2014-இல் புதிய விளையாட்டைச் செய்தவர்கள் இத்தனையையும் தூக்கி எறிந்துவிட்டுத்தான் அந்தப் பேசாத தொழிலாளி உருவத்தை வைத்தார்கள். படம் பளபளப்பானது. கீழே இருந்தவர்கள் காணாமல் போனார்கள். நமக்குப் பழக்கமான முன்னேற்றம்தான்.

'அதெல்லாம் கற்பனை, உண்மையில் கோள்களில் குடியேறும்போது இப்படி நடக்காது' என்பவர்களுக்குத் திருச்சியின் வரலாறு ஒன்றைச் சொல்ல வேண்டும். உண்மையான குடியேற்ற விண்கலம் ஒன்று இந்த ஊரிலிருந்து புறப்பட்டிருக்கிறது.

1904-இல் சிலோன் லேபர் கமிஷன் என்ற அமைப்பு தொடங்கப்பட்டபோது அதன் தலைமையகம் கொழும்பில் அல்ல, திருச்சிராப்பள்ளியில் இருந்தது. இலங்கைத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் பிடித்து அனுப்புவது வேலை. காவிரிக் கரைக் கிராமங்களிலிருந்தும் சுற்று மாவட்டங்களிலிருந்தும் பறையர், பள்ளர், அருந்ததியர் குடும்பங்கள் பெருந்தொகையாகப் போயின. போனவர்களை யாரும் 'விஞ்ஞானியா, கலைஞரா' என்று கேட்கவில்லை. கங்காணி முன்பணம் கொடுத்தார். பயணச் செலவு, அரிசி, துணி, எல்லாம் அவர் கணக்கில் ஏறியது. தோட்டத்தில் இறங்கும் முன்பே கடனாளி. இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் 'துண்டு' வேண்டும்: இந்தக் கூட்டத்துக்கு இவ்வளவு கடன், இதைக் கட்டிவிட்டு ஆளைக் கூட்டிப் போ என்று எழுதிய சீட்டு. மனிதன் கைமாறவில்லை, கடன் கைமாறியது. கடன் போன இடத்துக்கு மனிதனும் போனான். துண்டு முறை 1921-இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பு, காப்பிக் காலத்தில், கண்டி மலைக்கு நடந்தே போனவர்களில் வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. 1869-இல் இலைநோய் வந்து காப்பியை அழித்தது, முதலாளிகள் தேயிலைக்கு மாறினார்கள். மலையை வெட்டித் திருத்திய கைகள் மாறவில்லை.

விளையாட்டில் நிலத்தைத் திருத்தியவனுக்கு நிலம் சொந்தமாகிறது. இலங்கையில் என்ன நடந்தது? 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம். அந்த மக்களிடம் கேட்டுப் போட்ட கணக்கல்ல. விளையாட்டில் நகர்த்துகிறோமே அதே மாதிரி, கட்டத்திலிருந்து கட்டத்துக்கு. திரும்பி வந்தவர்களில் பலர் நீலகிரியில் டேன்டீ தோட்டத்தில் மறுபடி கொழுந்து பறித்தார்கள். குடியேற்றம் என்றால் எல்லாருக்கும் நிலம் கிடைக்கும் என்று நினைப்பது கப்பலின் மேல்தளத்தில் போனவர்களின் நினைப்பு.

உள்ளூரிலேயே பார்க்கலாம். செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் எழுதிய அறிக்கைக்குப் பிறகு 1892-இல் ஆங்கில அரசு ஒடுக்கப்பட்டோருக்கென்று ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலம் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று கணக்கு. பத்து ஆண்டு விற்கக் கூடாது, பிறகு விற்றாலும் தம் மக்களுக்கே விற்க வேண்டும் என்று விதி. வரைபடத்தில் வெற்றுக் கட்டம் அவர்கள் பெயரில்தான் இருந்தது. இன்று அந்த நிலத்தில் யார் வீடு, யார் ஆலை நிற்கிறது? கேட்டவர்கள்மீது 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரை விட்டார்கள்.

இப்போது 'அதெல்லாம் அந்தக் காலம்' என்பார்கள். 2020 ஜனவரியில் ஈலான் மஸ்க் ட்விட்டரில் என்ன எழுதினார்? காசில்லாதவர்கள் கடன் வாங்கிக்கொண்டு செவ்வாய்க்குப் போகலாம், அங்கே வேலைகள் நிறைய இருக்கும் என்ற பொருளில் எழுதினார். முன்பணம், பயணச் செலவு, அங்கே போய் உழைத்துக் கழிப்பது. திருச்சியில் பிறந்தவருக்கு இதைப் பார்த்ததும் ஒரு பழைய சொல் நினைவுக்கு வர வேண்டும். கங்காணிக்காவது ஊர் திரும்ப இராமேசுவரம் வழி ஒரு பாதை இருந்தது.

இதற்கெல்லாம் பிறகும் நம் பக்கத்துத் தோழர்கள் கேட்கிறார்கள்: இத்தனை விஷம் இருக்கிற விளையாட்டை ஏன் பிள்ளைகள் கையில் கொடுக்கிறீர்கள்? கொடுத்தது நாங்கள் இல்லை தோழர், அது ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கிறது. மேலும் ஒன்று. நகரத் திட்டம், தொழிற்பேட்டை, விமான நிலைய விரிவாக்கம், எதற்கு நிலம் எடுப்பதாக இருந்தாலும் மேலே இருந்து கட்டம் கட்டமாகப் பார்க்கும் கண் ஒன்று வேலை செய்கிறது. நம் குடியிருப்புகள் அந்தக் கண்ணுக்கு வெற்றுக் கட்டமாகவோ குறுக்கே நிற்கும் தடையாகவோ தெரிகின்றன. மனு எழுதத் தெரிந்த நம் இளைஞர்களுக்கு வரைபடம் படிக்கத் தெரிவதில்லை. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு வரைபடத்தை விரித்துக் காட்டினால் நாம் தலையாட்டிவிட்டு வருகிறோம். இரண்டு மாதம் இந்த விளையாட்டை ஆடிய பிள்ளை 'இந்தச் சாலை ஏன் நம்ம தெரு வழியா வளையுது, நேராப் போனா தூரம் கம்மிதானே' என்று கேட்கிறது. இந்தக் கேள்வியைக் கேட்க எங்களுக்கு முதுகலைப் படிப்பு முடிய வேண்டியிருந்தது. பொழுதுபோக்கு என்று ஒதுக்கிய சினிமாவை மற்றவர்கள் ஐம்பது ஆண்டு ஆண்டதையும், நம் கதையை நாம் எடுக்க எவ்வளவு தாமதமானது என்பதையும் மறந்துவிட்டீர்களா?

இந்த விளையாட்டின் விதிகளை ஆடுகிறவர்களே திருத்தி எழுதலாம், 'மாட்' என்பார்கள்; அந்த வசதியை நிறுவனமே கொடுத்திருக்கிறது. கணினி அறிவியல் படிக்கும் மூன்று பேர் இப்போது அதில் இறங்கியிருக்கிறார்கள். அகதிகளுக்கு உணவுக்குப் பதில் அறிவியல் புள்ளி கொடுத்தாயிற்று, அது ஐந்து நிமிட வேலை. கவிதா தாக்கூரின் பட்டத்தை எடுத்தாயிற்று. விண்கலத்தில் ஏறும் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு கடன் கணக்கு வைக்க வேண்டும், அதைத் தீர்க்காமல் தலைவருக்கு வெற்றி கிடையாது என்பது அடுத்த விதி. அது இன்னும் ஓடவில்லை, பிழை காட்டுகிறது. பெரிய சண்டை தொழிலாளி உருவத்தைப் பற்றித்தான். கட்டளை இட்டால் அது சில நேரம் மறுக்க வேண்டும் என்கிறார்கள் இரண்டு பேர். மறுத்தால் மட்டும் போதாது, நிலத்தைத் திருத்திய பிறகு அந்தக் கட்டம் அதன் பெயருக்கு மாற வேண்டும், தலைவர் நினைத்தாலும் திரும்ப எடுக்க முடியக் கூடாது என்கிறார் மூன்றாமவர். அப்படி வைத்தால் யாருமே இந்த ஆட்டத்தை ஜெயிக்க முடியாது என்று மற்ற இருவரும் கத்துகிறார்கள். போன ஞாயிறு ஏழரை மணி லால்குடி வண்டியைத் தவறவிட்டும் அது முடியவில்லை.